திருச்சி சுருட்டின் ருசி எங்கே இருந்தது?

(ஒலி வடிவத்திலிருந்து செப்பனிட்டுச் சுருக்கியது)

போன எபிசோடில் மெட்ராஸுக்குக் கப்பலில் வந்த ஐஸ் கட்டியைப் பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுவிட்டு மந்தைவெளியிலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். "ஐஸை விடுங்க சார், இங்கிருந்து கப்பலேறிப் போன சுருட்டைப் பத்திப் பேசுங்க. ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில எல்லாம் வருதே, அப்படி என்ன ருசி அதுல?" என்று. நல்ல கேள்வி. எனக்குக் கொஞ்சம் சொந்தமான கேள்வியும்கூட. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஹோம்ஸிலிருந்தே தொடங்கலாம். 1887ல் வந்த முதல் ஹோம்ஸ் கதை 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'. லண்டனில் ஒரு காலி வீடு, உள்ளே பிணம். தரையில் கொஞ்சம் சாம்பல் உதிர்ந்து கிடக்கிறது. ஹோம்ஸ் அதைப் பொறுக்கிப் பார்த்து, கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளி சுருட்டு என்று முடிவு கட்டுகிறார். சாம்பல் கருப்பாக இருக்கிறது, செதில் செதிலாக உதிர்கிறது, அதுதான் அடையாளம். அடுத்த நாவலான 'தி சைன் ஆஃப் ஃபோர்' 1890ல் வருகிறது. அதில் ஹோம்ஸ், புகையிலைச் சாம்பல்களைப் பற்றித் தான் ஓர் ஆராய்ச்சி நூலே எழுதியிருப்பதாகவும், 140 வகைகளைப் பிரித்துச் சொல்லியிருப்பதாகவும் பெருமை அடித்துக்கொள்கிறார். அங்கேயும் நம்ம திருச்சி வருகிறது. கூடவே 'லங்கா' என்று இன்னொரு சுருட்டும் வருகிறது. அது இலங்கை இல்லை. கோதாவரி ஆற்றுக்கு நடுவே இருக்கும் மணல் திட்டுகளுக்குத் தெலுங்கில் லங்கா என்று பெயர், அங்கே விளைந்த புகையிலை. அதுவும் அன்றைக்கு மதராஸ் மாகாணம்தான். ஆக, உலகத்தின் முதல் பெரிய துப்பறிவாளன் மூக்கில் ஏறியிருந்த இரண்டு இந்தியச் சுருட்டும் நம்ம மாகாணத்து சரக்கு.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. கோனன் டாயில் இந்தப் பெயரை விளக்கவே இல்லை. லண்டன் வாசகனுக்குத் தெரியும் என்று நினைத்துப் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறார். அங்கே அதற்குச் செல்லப் பெயரே உண்டு, 'ட்ரிச்சி'. கடையில் போய் ட்ரிச்சி கொடு என்றால் சுருட்டு எடுத்துக் கொடுப்பான். ஓர் ஊரின் பெயர் ஒரு பண்டத்தின் பெயராகிவிட்டது.

பெயர் என்று வந்துவிட்டதால் ஆங்கிலத்தின் 'செரூட்' என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். அது நம்ம 'சுருட்டு'தான். யூல், பர்னெல் இரண்டு பேரும் தொகுத்து 1886ல் வெளிவந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதி அப்படித்தான் சொல்கிறது. அதில் பர்னெல் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்தவர், தமிழ் நாட்டில் வேலை பார்த்தவர், காதில் கேட்டிருப்பார். போர்த்துகீசிய மொழியில் இன்றைக்கும் சுருட்டுக்கு 'சருட்டோ' என்றுதான் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்க. புகையிலைச் செடியை அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது போர்த்துகீசியர்கள். செடியைக் கொடுத்துவிட்டு, அதைச் சுருட்டுவதற்கான சொல்லை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். (சுருட்டுவதற்குத் தமிழில் இன்னோர் அர்த்தமும் இருக்கிறது. காலனி ஆட்சி பற்றிய எபிசோடில் அதைப் பார்த்தோம், விட்ருங்க.)

செடி வந்த வேகம் ஆச்சரியமானது. 1605 வாக்கில் அசத் பேக் என்ற அதிகாரி பிஜாப்பூரிலிருந்து புகையிலையும் ஹுக்காவும் வாங்கிப் போய் அக்பரிடம் காட்டுகிறார். அரண்மனை வைத்தியர்கள் வேண்டாம் என்று தடுக்கிறார்கள். அக்பர் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார். 1617ல் அவர் மகன் ஜஹாங்கீர் தடையே போடுகிறார். யாரும் மதிக்கவில்லை. புகையிலைக்கு எதிரான தடைகளின் சரித்திரம் நம்ம நாட்டில் அங்கிருந்தே ஆரம்பிக்கிறது.

தமிழில் புகையிலை எவ்வளவு ஊறிப்போனது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. சீனிச் சர்க்கரைப் புலவர் என்று ஒருவர். பெயரே இனிக்கிறது. அவர் பழனி முருகனிடம் தூது அனுப்புகிறார். அன்னத்தையோ மேகத்தையோ அனுப்பாமல் புகையிலையை அனுப்புகிறார்! 'புகையிலை விடு தூது' என்று நூலுக்குப் பெயர். இதைச் சுவடியிலிருந்து எடுத்து 1939ல் பதிப்பித்தவர் சாட்சாத் உ.வே. சாமிநாதையர். அந்த நூலில் ஒரு கதை வருகிறது. மும்மூர்த்திகளுக்குள் ஒரு வழக்கு. தேவர்கள் சபையில் ஆளுக்கோர் இலையைக் கொடுத்து, நாளைக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். சிவனிடம் கொடுத்த வில்வத்தைக் கங்கை அடித்துக்கொண்டு போய்விட்டது. திருமாலிடம் கொடுத்த துளசியைப் பாற்கடல் கொண்டுபோய்விட்டது. பிரம்மா மட்டும் தன் இலையைச் சரஸ்வதியிடம் கொடுத்து நாவில் பத்திரமாக வைத்திருந்தார். மற்றவர்கள் இலை போயிற்று, என்னுடையது போகவில்லை என்றாராம். போகையிலை, புகையிலை. சிலேடைக்காகக் கட்டிய கதைதான். ஆனால் இலையை வைத்த இடத்தைப் பாருங்க, நாக்கு! உ.வே.சா. பெயரில் பெசன்ட் நகரில் இருக்கும் நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு சீவக சிந்தாமணிக்கு முன்னால் இந்தக் குட்டி நூல்தான் ஞாபகம் வருகிறது. என்ன செய்ய.

சரி, ருசிக்கு வருவோம்.

முதலில் ஒரு திருத்தம். திருச்சி சுருட்டின் இலை திருச்சியில் விளைந்தது அல்ல. பெரும்பாலும் திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து சரக்கு. அன்றைக்கு அது மதுரை ஜில்லா. அங்கே விளைந்து, திருச்சியில், குறிப்பாக உறையூரில், சுருட்டப்பட்டு வெளியே போயிற்று. வெள்ளைக்காரன் எந்த ஊரில் வாங்கினானோ அந்த ஊர்ப் பெயரைப் பெட்டியில் எழுதிக்கொண்டான். விளைந்த காட்டுக்குப் பெயர் இல்லை. திண்டுக்கல்காரர்களுக்கு இந்த வருத்தம் இன்றைக்கும் கொஞ்சம் உண்டு. பூட்டுக்காவது அவர்கள் பெயர் கிடைத்தது.

அந்த மண்ணில் என்ன விசேஷம்? ஹோம்ஸ் பார்த்த கருப்புச் சாம்பலிலேயே பாதி விடை இருக்கிறது. புகையிலை என்பது மண்ணையும் தண்ணீரையும் அப்படியே உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி. இலையில் பொட்டாசியம் நிறைய இருந்தால் கங்கு அணையாமல் சீராக எரியும். குளோரைடு, அதாவது உப்பு, அதிகமானால் இலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கங்கு அடிக்கடி அணையும், சாம்பல் கருக்கும். மக்னீசியம் இருந்தால் சாம்பல் வெளுக்கும். ஹவானா சுருட்டின் சாம்பல் ஒரு அங்குலத்துக்கு மேல் உதிராமல் நிற்பதைப் பார்த்து ரசிக்கிறவர்கள் உண்டு. நம்ம சுருட்டின் சாம்பல் கருப்பாக, சட்டையில் உதிரும் வகை. அழகில் தோற்றது. ஆனால் காரத்தில் தோற்கவில்லை. கிணற்றுப் பாசனத்தில், வெயிலில் காய்ந்து வளர்ந்த கனத்த இலை. அந்தக் காரம்தான் இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பட்டாளத்துக்காரனுக்கும் கலெக்டருக்கும் வேண்டியிருந்தது. ஹவானாவைவிட விலையும் மலிவு. டாயில் இதைக் கொலைகாரன் கையில் கொடுத்ததில் ஒரு வர்க்கக் கணக்கும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். கனவான்கள் ஹவானா பிடிப்பார்கள், முரட்டு ஆசாமி ட்ரிச்சி பிடிப்பான்.

மண் பாதி. மீதிப் பாதி பாடம் செய்வதில். புகையிலைக்காரர்கள் 'பாடம்' என்று சொல்வது பதப்படுத்துவதை. திண்டுக்கல் பக்கம் சுருட்டுப் புகையிலைச் செடியை அடியோடு வெட்டி வெயிலில் வாட்டுவார்கள். வாடிய செடியைத் தொங்கவிட்டுக் காயவைத்து, பிறகு இலைகளை அடுக்கிப் போர் போடுவார்கள். வைக்கோல் போர் மாதிரி. அந்தப் போருக்குள் சூடு ஏறும். யாரும் தீ வைப்பதில்லை, இலை தானாகப் புழுங்குகிறது. 50 டிகிரி வரைக்கும்கூடப் போகும். ஏறிய சூடு எல்லை மீறினால் இலை கருகி உளுத்துவிடும். அதனால் கையை உள்ளே விட்டுப் பார்த்து, போரைக் கலைத்து, உள்ளே இருந்ததை வெளியே, வெளியே இருந்ததை உள்ளே மாற்றி அடுக்க வேண்டும். இப்படி வாரக்கணக்கில். அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தால் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். அந்த நெடி வெளியே போகப் போகத்தான் இலையின் கசப்பு அடங்கும், மாவுச்சத்தும் சர்க்கரையும் தீர்ந்துபோகும், நிறம் கருஞ்சிவப்பாகும், மண்ணும் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை எழும். ருசி என்று நாம் சொல்வது பிறக்கிற இடம் இதுதான்.

யாழ்ப்பாணத்திலும் இதே மாதிரி ஒரு சுருட்டு உலகம் இருந்தது. அதற்குத் தனி எபிசோடே போடலாம். அங்கே சுருட்டுக் கொட்டில்களில் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்டும்போது ஒருவர் பேப்பரோ நாவலோ உரக்க வாசிப்பார். க்யூபாவிலும் இதே வழக்கம், 1865 முதல். மான்டி கிறிஸ்டோ, ரோமியோ ஜூலியட் என்று அங்கே சுருட்டுகளுக்குப் பெயர் இருப்பதற்கு அந்த வாசிப்பையும் காரணமாகச் சொல்வார்கள். இரண்டு தீவுக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டா செய்தார்கள்? கை வேலை செய்கிறது, காது சும்மா இருக்கிறது. அவ்வளவுதான்.

இப்போது மெட்ராஸ். இந்தச் சுருட்டு கடை ஏறியது மவுண்ட் ரோட்டில். 1863ல் தொடங்கிய ஸ்பென்சர், யூஜின் ஓக்ஷாட் கைக்கு வந்த பிறகு பெரிய நிறுவனமாகிறது. 1895ல் மவுண்ட் ரோட்டில் அந்தச் சிவப்புக் கட்டடம் எழும்புகிறது. போக்ஸன் வரைந்த இந்தோ சாரசெனிக் கட்டடம். அதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்ம ஊரில் இருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் தீயில் போயிற்று. இப்போது அந்த இடத்தில் ஸ்பென்சர் பிளாஸா. ஸ்பென்சருக்குத் திண்டுக்கல்லில் சொந்தச் சுருட்டுத் தொழிற்சாலை. தென்னிந்திய ரயில்வே ஸ்டேஷன்களில் சிற்றுண்டிச் சாலைகளையும் அவர்கள் நடத்தினார்கள். இதை இரண்டையும் சேர்த்துப் பாருங்க. விளையும் இடத்தில் தொழிற்சாலை, நகரத்தில் கடை, வழியெல்லாம் ரயில்வே ஸ்டேஷன் கவுண்டர். ஒரு துரை ஜோலார்பேட்டையில் வண்டி மாறக் காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அது ஒரு சுருட்டுக்குச் சரியான நேரம்.

சர்ச்சில் கதையைச் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். சர்ச்சில் திருச்சி சுருட்டுக்கு அடிமை, அதைப் பார்த்துக்கொள்ளவே ஓர் உதவியாளர் வைத்திருந்தார் என்று திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் சொல்லாத ஆள் இல்லை. என் அபிப்பிராயம்: பாதி நம்பலாம். அவர் 1895 நவம்பரில் க்யூபா போனார், தன் 21வது பிறந்த நாளை அங்கேதான் கழித்தார். அடுத்த வருஷம் படைப்பிரிவோடு பெங்களூர் வந்தார். பெங்களூரில் சுருட்டு பிடிக்கும் இளம் அதிகாரி கைக்கு எது எட்டியிருக்கும்? ஆக, இங்கே இருந்தபோது பிடித்திருப்பார் என்று நினைக்கலாம். ஆனால் பிற்காலத்தில் படங்களில் பார்க்கிறோமே, வாயில் குண்டாக, அது அவருக்குப் பிடித்த க்யூபா சரக்கு என்றுதான் பெரும்பாலும் சொல்ல வேண்டும். நம்ம ஊருக்குச் சான்றிதழ் கொடுக்க அந்த ஆள்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி.

போட்டி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதிலும் தமிழன் இருக்கிறான். 1863ல் நீன்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் சுமத்ராவின் டெலியில் புகையிலை பயிரிடத் தொடங்கினார். மெலிந்த, நரம்பு தெரியாத, பட்டு மாதிரியான இலை. சுருட்டின் மேலே சுற்றுவதற்கு உலகமே அதைத்தான் கேட்டது. அந்தத் தோட்டங்களுக்குச் சீனர்களைப் பயிர் வேலைக்கும், தமிழர்களைச் சாலை போட, வாய்க்கால் வெட்ட, மாட்டு வண்டி ஓட்டவும் கொண்டு போனார்கள். மேடான் நகரத்தில் இன்றைக்கும் 'கம்போங் மெட்ராஸ்' என்று ஒரு பேட்டை இருக்கிறது, மாரியம்மன் கோயிலோடு. அவர்கள் ஓட்டிய வண்டியில் போன இலைதான் நம்ம திண்டுக்கல் இலையை அழகில் தோற்கடித்தது.

ஆனால் சுருட்டை உண்மையில் சாய்த்தது சிகரெட். 1910ல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தொடங்குகிறது. 1920களில் குண்டூர்ப் பக்கம் வர்ஜீனியா புகையிலை வருகிறது. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆபீஸ் நேரத்துக்குத் தோதானது. சுருட்டுக்கு ஓய்வு வேண்டும். பெரிய மனிதனுக்கு சிகரெட், ஏழைக்கு பீடி என்றானபின் சுருட்டு கிழவர்கள் பொருளாகிவிட்டது.

என் தாத்தாவும் அப்படி ஒரு கிழவர். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு, முன்னால் திண்ணை. மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு சுருட்டு, அதற்கு மேல் கிடையாது. அது ஒரு பூஜை மாதிரி நடக்கும், அதனால் எனக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது.

டிபன் முடிந்த பிறகுதான் எடுப்பார். வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றும். காபி குடித்து வாய் கொப்பளித்திருக்க வேண்டும். சுருட்டைக் காதோரம் வைத்து விரலால் லேசாக உருட்டுவார். சரசரவென்று நொறுங்கினால் காய்ந்துவிட்டது, சத்தமே இல்லாமல் அமுங்கினால் ஈரம் ஏறிவிட்டது. இரண்டும் உதவாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் டப்பாவைத் திறந்தாலே பூசண வாசனை வரும், வெயில் எட்டிப்பார்த்ததும் நிழலில் உலர்த்துவார். சித்திரையில் நேர் எதிர். சுருட்டை 70 சதவீத ஈரப்பதத்தில், 20 டிகிரி சூட்டில் வைக்க வேண்டும் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். ஈரப்பதத்தை மெட்ராஸ் கடல் காற்று தாராளமாகக் கொடுத்துவிடும். 20 டிகிரிக்கு எங்கே போவது? அந்தச் சூட்டில் சுருட்டுக்குள் இருக்கும் முட்டை பொரித்து, புகையிலை வண்டு குண்டூசித் துளை போட்டு வெளியே வரும். துளை விழுந்த சுருட்டில் காற்று கசியும், இழுத்தால் புகை வராது. தாத்தா அந்தத் துளையை எச்சில் தொட்ட விரலால் மூடிக்கொண்டு பிடிப்பார், புல்லாங்குழல் வாசிக்கிற மாதிரி.

நம்ம சுருட்டுக்கு இரண்டு முனையும் வெட்டியே இருக்கும், கத்தி வேண்டாம். தீக்குச்சியை உரசி, அந்த கந்தக வாசனை அடங்கும்வரை பொறுத்து, பிறகுதான் சுருட்டின் பாதத்தைச் சுடருக்குப் பக்கத்தில், தொடாமல், சுற்றிச் சுற்றிக் காட்டுவார். விளிம்பு முழுக்கச் சிவந்த பிறகு ஒரு இழுப்பு. அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா இருப்பார். "அவசரப்பட்டா கசக்கும்டா" என்பார். அதில் நியாயம் உண்டு. அடிக்கடி இழுத்தால் கங்கு கொதித்து, வாசனை எண்ணெய்கள் கருகி, தார் கசப்பு ஏறும். மெதுவாக விட்டால் குளிர்ந்த புகை. சாம்பலைத் தட்ட மாட்டார், அதுவாக விழ வேண்டும். அணைந்துபோனால் உடனே பற்றவைப்பார், ஆறிய சுருட்டை மறுநாள் பற்றவைத்தால் அது சுடுகாட்டு வாசனை என்பார். கடைசி இரண்டு அங்குலத்தைத் தொடவே மாட்டார். இழுத்த காரமெல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கும்.

முக்கியமாக, புகையை உள்ளே விழுங்க மாட்டார். வாயில் நிறுத்தி, நாக்கின் மேல் புரட்டி, வெளியே விட்டுவிடுவார். சுருட்டு ரசிகர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான். அதற்கு ரசாயனக் காரணம் இருக்கிறது. போர் போட்டுப் புழுக்கிய இலையின் புகை காரத்தன்மை கொண்டது. சிகரெட் புகை அமிலத்தன்மை, அதனால் நுரையீரல் வரை இழுத்தால்தான் நிக்கோடின் ஏறும். சுருட்டுக்கு அது தேவையில்லை, வாயின் தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். "நான் என்ன சிகரெட்காரனா, நெஞ்சுக்குள்ள இழுக்கறதுக்கு?" என்று தாத்தா பெருமையாகச் சொல்வார்.

சுருட்டின் ருசியும் அதன் ஆபத்தும் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன, வாயில். இன்னொன்று. இலையைப் புழுக்கும்போது வாசனை மட்டும் பிறப்பதில்லை. நைட்ரோசமைன் என்ற புற்று உண்டாக்கும் பொருள்களும் அதே போரில், அதே சூட்டில்தான் உருவாகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளும் வழியை எந்தக் கைதேர்ந்த பாடக்காரனும் கண்டுபிடிக்கவில்லை. மதராஸ் மாகாணத்தின் வடக்கே, விசாகப்பட்டினம் ஸ்ரீகாகுளம் பக்கம், பெண்கள் 'சுட்டா'வை எரியும் முனை வாய்க்குள் இருக்கும்படி பிடிப்பார்கள். காற்றில் அணையாது என்று ஒரு சௌகரியம். அவர்களுக்கு மேல் அண்ணத்தில் புற்று வந்தது.

1978ல் தாத்தாவின் நாக்கு ஓரத்தில் ஒரு புண். பல் குத்துகிறது என்று ஆறு மாசம் தள்ளினார். பிறகு அடையாறு. முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நினைவை விடாமல் முப்பது வருஷம் போராடி, 1952ல் நேரு கையால் அடிக்கல் நாட்டி, 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு திறந்த ஆஸ்பத்திரி அது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் சேர்ந்து வாய்ப் புற்றுக்கான காரணங்களைத் தேடி எழுதிய கட்டுரை 1959லேயே 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்' இதழில் வந்துவிட்டது. நம்ம ஊர் நோயாளிகளை வைத்து, நம்ம ஊரில் எழுதிய ஆராய்ச்சி. மயிலாப்பூரிலிருந்து அடையாறு எவ்வளவு தூரம்? பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். ஆனால் அந்தச் செய்தி எங்கள் திண்ணைக்கு வந்து சேர இருபது வருஷம் ஆகியும் முடியவில்லை.

ஆபரேஷன், கரண்ட் வைத்தியம் எல்லாம் ஆகி தாத்தா பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார். ஆனால் ருசி போய்விட்டது. கதிர்வீச்சு எச்சில் சுரப்பிகளையும் நாக்கையும் விட்டுவைப்பதில்லை. பாட்டி வைக்கும் ரசத்தை "வெந்நீர் நன்னாயிருக்கு" என்பார், கேலி இல்லாமல். முதல் டிகாஷன் எது, இரண்டாம் டிகாஷன் எது என்று வாசலிலிருந்தே சொல்லக்கூடிய மனிதர் அவர். சாயங்காலம் ஐந்தரைக்குத் திண்ணையில் வந்து உட்காருவது மட்டும் நிற்கவில்லை. காலி சுருட்டு டப்பா ஒன்று மடியில் இருக்கும். திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடுவார். வாசனை மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்று ஒருநாள் சொன்னார்.

அந்த நேயர் கேட்ட "அப்படி என்ன ருசி" என்ற கேள்விக்கு நான் பிடித்துப் பார்த்து பதில் சொல்ல முடியாது. பிடித்ததில்லை, பிடிக்கப் போவதும் இல்லை. நான் சொன்னதெல்லாம் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது, அப்புறம் படித்தது.

இன்றைக்குச் சுருட்டு எங்கே இருக்கிறது? உறையூரில் கையால் சுருட்டும் வேலை மிகவும் சுருங்கிவிட்டது. வேடசந்தூரில் 1948ல் ஆரம்பித்த புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2003ல் சட்டம், 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை, 2016லிருந்து பாக்கெட்டில் 85 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படம். தி. நகரிலும் ஆழ்வார்பேட்டையிலும் க்யூபா சுருட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பதைப் பார்க்கலாம், ஒன்றின் விலையில் ஒரு குடும்பத்துக்கு ஹோட்டல் சாப்பாடு வரும். பக்கத்தில் ட்ரிச்சி இருக்காது.

ஆனால் மெட்ராஸில் ஓர் இடத்தில் நம்ம சுருட்டுக்கு இன்றும் மரியாதை குறையவில்லை. சென்ட்ரல் பக்கம் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரன் கோயில். புது வண்டி வாங்கினவர்கள் சாவியோடு வந்து நிற்பார்கள். எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் நசுங்கும். படையலில் மாலை, பழம், பாட்டில், கூடவே சுருட்டு. போன மாசம் நான் போயிருந்தபோது ஒரு ஆட்டோக்காரர் சுருட்டைப் பற்றவைத்து முனீஸ்வரன் முன்னால் வைத்துவிட்டு, புகை சீராக வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கமாக எரிய ஆரம்பித்தது. எடுத்து, திருப்பி, விளிம்பைச் சுற்றிலும் இன்னொரு குச்சியால் காட்டி, சரி செய்து மறுபடி வைத்தார்.

அடுத்த எபிசோடில் பட்டணம் பொடி. மூக்குப்பொடி டப்பா யார் வீட்டிலாவது இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்க. டப்பா மட்டும் போதும், பொடி வேண்டாம்.